18446744073709551615: இருபது இலக்க எண்ணைப் பென்சிலால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

சதுரங்கக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போகச் சொன்னவரின் கதை. அரசனின் களஞ்சியம் காலியானதும் கதையும் முடிந்துவிடும். கதை சொன்னவர் அந்த நீளமான எண்ணைக் கரும்பலகையில் எழுதி, "எவ்வளவு பெரிசு பாத்தீங்களா!" என்று வியந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு அந்த இடத்தில்தான் கதையே தொடங்குகிறது. அந்த எண் பெரியது என்பது அதைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் மிகச் சாதாரணமான செய்தி. அது எதனால் வகுபடும்? எத்தனை காரணிகள்? முழு வர்க்கமா? முக்கோண எண்ணா? இருபது இலக்கம் என்றதும் "இதெல்லாம் கணினி வேலை" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரு மாலைப்பொழுதில் தாளிலேயே செய்துவிடலாம். எட்டாம் வகுப்பு வகுபடும் விதிகளும், இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பிரிக்கும் சூத்திரமும், கொஞ்சம் பொறுமையும் போதும். பெருக்கல் அலுத்தால் சாதாரண கால்குலேட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணைப் பிழையில்லாமல் கையில் எடுப்பது

முதலில் கூட்டுத்தொகை ஏன் இந்த வடிவத்தில் வருகிறது என்று பார்ப்போம். 1 + 2 + 4 + … என்று 64 கட்டங்களையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டாம். வெளியிலிருந்து ஒரே ஒரு மணியைக் கொண்டுவந்து முதல் கட்டத்தில் போடுங்கள். அங்கே இரண்டு ஆகிவிடும். அதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் அங்கே நான்கு. அதை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளினால் எட்டு. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் கடைசிக் கட்டத்தில் 2⁶⁴ மணிகள் குவிந்திருக்கும், மற்றவை காலி. கடன் வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது 2⁶⁴ − 1.

அடுத்து மதிப்பு. அறுபத்து நான்கு முறை இரட்டிக்காமல் வர்க்கமாக்கிக்கொண்டே போங்கள். 16-இன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65536. அதன் வர்க்கம் 4294967296. அதையும் ஒருமுறை வர்க்கமாக்கினால் 2⁶⁴. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்-பிரூனி என்ற அறிஞர் சதுரங்கக் கணக்கை இப்படித்தான் போட்டார்: பதினாறை நான்கு முறை வர்க்கமாக்கி ஒன்றைக் கழி.

கடைசி வர்க்கம் மட்டும் சற்று நீளம். 4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் ஐந்தைந்து இலக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள். 42949² = 1844616601. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. 67296² = 4528751616. முதல் விடைக்குப் பின்னால் பத்து பூஜ்யம், இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு எதுவும் இல்லை. மூன்றையும் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண்.

வாய்விட்டு வாசியுங்கள்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்து ஏழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முன்னூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. கோடியிலேயே நின்று இப்படி வாசித்தால் எந்த இலக்கமும் நழுவாது.

இந்த எண்ணை எக்செலில் தட்டாதீர்கள். அது முதல் 15 இலக்கங்களை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையில் போட்டால் 2⁶⁴ − 1 சத்தமில்லாமல் 2⁶⁴ ஆகிவிடும். ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் நம் எண் ஒற்றை எண், அது இரட்டை எண். நம்முடையதற்கு ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், அதற்கு இரண்டு என்ற ஒன்றுதான். கடைசி இலக்கம் மாறினால் மொத்தப் பிறவியும் மாறிவிடும். கணினியில் சரிபார்க்க வேண்டுமானால் பைத்தான் நல்லது. அதில் முழு எண்கள் எவ்வளவு நீண்டாலும் இலக்கம் உதிராது.

படி 2: இலக்கங்களை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்விகள்

கடைசி இலக்கம் 5. ஆகவே 5-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கங்கள் 15, ஆகவே 25-ஆல் வகுபடாது. இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆக 3-உம் 5-உம் காரணிகள், இரண்டும் ஒவ்வொரு முறைதான்.

7, 11, 13 மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை போட வேண்டாம். 7 × 11 × 13 = 1001 என்பதை மனத்தில் வையுங்கள். எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 1001-ஆல் வகுத்த மீதி வந்துவிடும்:

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1016-இல் 1001 போக 15. பதினைந்தை 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 4, 13-ஆல் வகுத்தால் 2. மூன்றாலும் வகுபடாது. ஒரே கணக்கில் மூன்று பதில். இந்த 11-க்கான மீதி 4 என்பதைத் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். பிறகு வேறொரு இடத்தில் அது கைகொடுக்கப்போகிறது.

இதற்கு மேல் இலக்கங்களை வைத்து மல்லுக்கட்டிப் பயனில்லை. 17, 19, 23 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் மாலைப்பொழுது போதாது. எண்ணின் முகத்தைப் பார்த்தது போதும், அது பிறந்த விதத்தைப் பார்ப்போம்.

படி 3: பிறப்பைக் கொண்டு பிரிப்பது

2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் கூடுதலையும் கழித்தலையும் பெருக்கினால் போதும்:

2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1)

இடப்பக்கத் துண்டு மறுபடியும் இரு வர்க்கங்களின் வித்தியாசம். அதையும் உடையுங்கள். அதில் வரும் இடத் துண்டையும் உடையுங்கள். இரண்டு வரை இறங்கி முடித்ததும் கையில் இருப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இருபது இலக்க எண் ஆறு துண்டாகிவிட்டது. ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை. இதையே இரும எண்ணில் எழுதினால் கண்ணாலேயே பார்க்கலாம். நம் எண் அதில் அறுபத்து நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்பது. 1111 = 11 × 101 என்பதுபோல, 64 ஒன்றுகளை 32 ஒன்றுகளாகவும், இரு முனையிலும் ஒன்று நின்று நடுவே பூஜ்யங்கள் நிறைந்த எண்ணாகவும் பிரிக்கலாம்.

இந்த ஆறு துண்டுகளில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்கத்தைவிட இரண்டு அதிகம்: 3 × 5 = 15, அடுத்தது 17. 3 × 5 × 17 = 255, அடுத்தது 257. இரண்டு துண்டுகளுக்குப் பொதுவான காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுத்தாக வேண்டும். எல்லாமே ஒற்றை எண்கள் என்பதால் அது நடக்காது.

படி 4: கடைசித் துண்டு பகா எண்ணா?

2-ஐ வர்க்கமாக்கிக்கொண்டே போய், வருவதோடு ஒன்று கூட்டிய இந்த வடிவ எண்களுக்கு, ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் ஃபெர்மா எண்கள் என்று பெயர். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். வரிசையில் வருவன எல்லாமே பகா எண்கள்தான் என்று ஃபெர்மா 1640-இல் நண்பர் ஃப்ரெனிக்கிளுக்கு எழுதினார். அடுத்த எண்ணான 4294967297 பகா எண்தானா என்பது ஒரு நூற்றாண்டுக்கு அருகில் யாருக்கும் தெரியாமலேயே கிடந்தது. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் ஆய்லரிடம் இதைப் பற்றிக் கேட்டார். 1732-இல், 25 வயதில், ஆய்லர் பதிலைச் சொன்னார்: அது 641-ஆல் வகுபடும்.

எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், இந்த வழிகாட்டியின் உயிர் இதுதான்.

'ப' என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுத்த மீதி −1, அதாவது ஒன்று குறைகிறது. அதை வர்க்கமாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. இரண்டின் அடுக்குகளில் மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு எது? அது 64-இன் காரணியாக இருந்தாக வேண்டும்: 1, 2, 4, 8, 16, 32, 64. ஆனால் 32 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 2³²-இன் மீதியும் 1 ஆகியிருக்கும். அது −1 என்று முன்பே தெரியும். ஆகவே மிகச் சிறிய அடுக்கு 64 தான். மறுபக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, 2-ஐ (ப − 1) அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே ப − 1 என்பது 64-இன் மடங்கு.

ஃபெர்மாவின் கணிப்பை உடைத்த இந்தத் தேற்றம் ஃபெர்மாவுடையது. அதையும் 1640-இலேயே, அதே ஃப்ரெனிக்கிளுக்குத்தான் எழுதினார். ஆயுதம் அவர் கையிலேயே இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இனி வேலை எளிது. 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டி வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் 3-ஆலும் 5-ஆலும் வகுபடுபவற்றைத் தள்ளினால் மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. ஐந்தே எண்கள்.

ஒவ்வொன்றையும் பத்து இலக்க எண்ணோடு வகுக்கவும் வேண்டாம். 2⁸ = 256-இல் தொடங்கி, வர்க்கமாக்கி, மீதி எடுத்து, மறுபடி வர்க்கமாக்கினால் 2³²-இன் மீதி கிடைத்துவிடும். 193-க்குச் செய்து பாருங்கள். 256-இன் மீதி 63. 63² = 3969, மீதி 109. 109² = 11881, மீதி 108. ஒன்றைக் கூட்டினால் 109. பூஜ்யம் வரவில்லை, தள்ளிவிடுங்கள். இதே முறையில் 257-க்கு 2, 449-க்கு 325, 577-க்கு 288 என்று வரும்.

641-க்கு வாருங்கள். 256² = 65536, மீதி 154. 154² = 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம்! முதல்முறை இதைக் கையால் போட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்த 23717 தரும் சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல முடியாது.

4294967297 ÷ 641 = 6700417.

இன்னும் குறுக்கு வழியும் உண்டு. 641 என்பது 5 × 2⁷ + 1, அதே 641 தான் 5⁴ + 2⁴-உம். முதல் வடிவப்படி 5 × 2⁷-இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வடிவப்படி 5⁴-இன் இடத்தில் −2⁴ போடலாம். அப்போது −2³²-இன் மீதி 1. முடிந்தது. வகுத்தலே இல்லை.

படி 5: மிஞ்சியவை இனி உடையாதா?

3, 5, 17 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு முன் படியின் சல்லடையை இன்னும் நெருக்கமாக்கிக்கொள்வோம். 1878-இல் எதுவார் லூக்கா, 2³² + 1-இன் காரணிகள் 64-இன் மடங்கோடு அல்ல, 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்கும் என்று காட்டினார். காரணம் ஒரே வரிதான். 2²⁴ − 2⁸ என்ற எண்ணை வர்க்கமாக்கினால் 2¹⁶ × (2³² + 1) − 2 × 2³² என்று வரும். முதல் பகுதி ப-ஆல் வகுபடும். இரண்டாவதில் 2³²-இன் மீதி −1, ஆகவே மொத்த மீதி 2. அதாவது 2-க்கே ஒரு 'வர்க்கமூலம்' கிடைத்துவிட்டது. அந்த மூலம் மீதி 1-ஐ அடைய 2-ஐப் போல இருமடங்கு, 128 அடுக்கு வேண்டும்.

(இதே லூக்காதான் 1883-இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டவர். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அதற்கு ஒரு கதையும் கட்டினார். அதற்குத் தேவையான நகர்த்தல்கள் சரியாக நம் எண்தான். நொடிக்கு ஒரு வட்டு நகர்த்தினாலும் ஏறக்குறைய 58,454 கோடி ஆண்டுகள்.)

65537-க்கு இதே வாதம் 64-இன் மடங்கு கூட்டல் ஒன்று என்று தரும். அதன் வர்க்கமூலம் 256-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் வரும் எண்கள் 65, 129, 193. இவற்றில் பகா எண் 193 மட்டுமே. 65537-ஐ 193-ஆல் வகுத்தால் மீதி 110. ஒரே வகுத்தலில் 65537 பகா எண் என்று உறுதி. 257-க்கு அதுவும் தேவையில்லை. அதன் வர்க்கமூலமான 16-க்குள் தகுதியுள்ள எண்ணே கிடையாது.

6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி. 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டி அதுவரை வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. இதில் 257 நம் வரிசையில் முன்னரே இருக்கும் துண்டு, பொதுக் காரணி ஆகாது. மற்ற நான்குக்கும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை. 6700417-உம் பகா எண்.

ஆக, முழுப் பிரிவு:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

படி 6: காரணிகள் கிடைத்தபின் தானாக வருபவை

ஏழு பகாக் காரணிகளும் வெவ்வேறு, ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒரு வகுத்தியை உருவாக்க ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம். எனவே மொத்த வகுத்திகள் 2⁷ = 128. இவற்றின் கூட்டுத்தொகை எண்ணைப் போல ஏறத்தாழ 1.703 மடங்கு. இரண்டு மடங்கை எட்டாததால் இது குறை எண்.

வகுத்திகளை ஜோடி சேர்த்தால் நடுவில் வரும் ஜோடி 4294967295-உம் 4294967297-உம். இந்த 4294967295-இடம் கொஞ்சம் நிற்க வேண்டும். அது 3 × 5 × 17 × 257 × 65537. அதற்குக் கீழே அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணினால் 2 × 4 × 16 × 256 × 65536, அதாவது கச்சிதமாக 2³¹.

இது வெறும் அழகு அல்ல. 1796-இல், 19 வயது நிரம்பும் முன், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒழுங்கான 17 பக்க உருவத்தை வரையலாம் என்று கணித மேதை காஸ் கண்டார். எந்தெந்தப் பக்க எண்ணிக்கைக்கு இது முடியும் என்பதை 1837-இல் வான்ட்செல் நிரூபித்து முடித்தார். பக்க எண்ணிக்கை ஒற்றை எண் என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். அவற்றுக்கு அடுத்த 28 ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. ஆகவே வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த, பக்க எண்ணிக்கை ஒற்றை எண்ணான உருவங்களில் மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. 65537 பக்க உருவத்துக்கே ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்து 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருக்கிறது.

பாஸ்கல் முக்கோணத்திலும் நம் எண் ஒளிந்திருக்கிறது. ஒற்றை எண்கள் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண்கள் இருக்கும் இடத்தில் 0 என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255 என்று போகும். 32-ஆம் வரி 4294967295. 64-ஆம் வரியில் எல்லாமே ஒற்றை எண்கள். அந்த வரியை வாசித்தால் 18446744073709551615.

படி 7: வர்க்கங்களோடு உறவு

முழு வர்க்கமா என்று கேட்டால் ஒரு வரியில் பதில்: இதற்கு அடுத்த எண் முழு வர்க்கம், அடுத்தடுத்த இரண்டு மிகை எண்கள் வர்க்கமாக இருக்க முடியாது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா? மூன்று? எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்தாலும் மீதி 7 வராது. நம் எண் 8-இன் மடங்குக்கு ஒன்று குறைவு, அதாவது மீதி 7. ஆகவே மூன்று வர்க்கங்களாலும் முடியாது. நான்கு இருந்தால் எந்த எண்ணையும் எழுதிவிடலாம் என்று லக்ராஞ் 1770-இல் நிரூபித்தார். முடியும் என்று தெரிந்தால் போதாது, அந்த நான்கையும் கண்ணால் பார்க்க வேண்டாமா?

3-ஐ விட்டுவிட்டு மற்றத் துண்டுகளைப் பாருங்கள். எல்லாம் ஒரு வர்க்கம் கூட்டல் ஒன்று: 5 = 2² + 1², 17 = 4² + 1², 257 = 16² + 1², 65537 = 256² + 1², 4294967297 = 65536² + 1². இரு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் மீண்டும் இரு வர்க்கக் கூட்டலே வரும். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தந்த சமன்பாடு இதற்கு உதவும்:

(அ² + ஆ²) × (இ² + ஈ²) = (அ×இ − ஆ×ஈ)² + (அ×ஈ + ஆ×இ)²

கழித்தல், கூட்டல் குறிகளை இடம் மாற்றினாலும் சரியாகவே வரும். வேறு ஜோடி கிடைக்கும், அவ்வளவுதான். நான் எடுத்த பாதை இது. 5 × 17 = 85 = 7² + 6². அதை 257-ஆல் பெருக்க 21845 = 103² + 106². அதை 65537-ஆல் பெருக்க 1431655765 = 27033² + 26474². கடைசியாக 4294967297-ஆல் பெருக்கினால் வரும் ஜோடி 1735027097, 1771608214.

விட்டுவைத்த 3-ஐ இப்போது சேர்க்க வேண்டும். இரண்டு வர்க்கங்களோடு அவற்றின் கூடுதலின் வர்க்கத்தையும் வித்தியாசத்தின் வர்க்கத்தையும் சேர்த்தால் மொத்தம் மூன்று மடங்காகிவிடும். ஆகவே:

18446744073709551615 = 1735027097² + 1771608214² + 3506635311² + 36581117²

தாளில் முழுதாகச் சரிபார்க்கப் பொறுமை இல்லையென்றால் ஒன்பதால் சோதியுங்கள். நான்கு எண்களின் இலக்க மூலங்கள் (ஒரே இலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டினால் கிடைப்பவை) 5, 1, 6, 5. வர்க்கங்களின் கூட்டல் 25 + 1 + 36 + 25 = 87. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டியபோதும் 87 தான் வந்தது. ஒன்பதால் வகுத்த மீதி ஒத்துப்போனால் போதும், கூட்டுத்தொகையே ஒன்றாக அமைந்தது தற்செயல்.

படி 8: முக்கோண எண்ணா? கும்பகோணத்துக்காரர் கேட்ட கேள்வி

1, 3, 6, 10, 15 என்று முக்கோணமாக அடுக்கக்கூடிய எண்கள் முக்கோண எண்கள். 3, 15 இரண்டும் இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைந்தவை. 4095-உம் அப்படியே. நம் எண்?

சோதனை பழையது: எண்ணை 8-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். இங்கே அது 2⁶⁷ − 7. இரண்டின் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும் என்ற கேள்வியை ராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வைத்தார். 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளுக்கு மட்டுமே வரும் என்பது அவர் கணிப்பு. நாகெல் 1948-இல் அதை நிரூபித்தார். 67 அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே நம் எண் முக்கோண எண் அல்ல.

பெரிய தேற்றத்தின்மேல் சாய வேண்டாம் என்றால், தாளின் ஓரத்தில் குறித்த 4-ஐ எடுங்கள். நம் எண்ணை 11-ஆல் வகுத்த மீதி 4. எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 33. ஆகவே 2⁶⁷ − 7 பதினொன்றால் வகுபடும். அது வர்க்கமாக இருந்தால் 121-ஆலும் வகுபட வேண்டும். 121-க்கு மீதிகளை எடுப்போம்: 2¹⁰-க்கு 56, 2²⁰-க்கு 111, 2³⁰-க்கு 45, 2⁶⁰-க்கு 89. 2⁷-இன் மீதி 7. ஆகவே 2⁶⁷-க்கு 89 × 7 = 623, மீதி 18. அதில் 7 போனால் 11. பூஜ்யம் இல்லை. எனவே 2⁶⁷ − 7 வர்க்கம் இல்லை. ராமானுஜன் கேள்வியின் ஒரு சிறு துண்டை நாமே நிரூபித்துவிட்டோம்.

படி 9: அக்கம்பக்கம்

இதற்கு முந்தைய பகா எண் 18446744073709551557, அதாவது 2⁶⁴ − 59. நம் எண்ணுக்கு இரண்டு தள்ளி நிற்கும் 18446744073709551617 அடுத்த ஃபெர்மா எண். படி 3-இல் சொன்ன காரணத்தால் அதற்கும் நம் எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது. அது 274177 × 67280421310721. 1855-இல் கிளாசன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டார். 1880-இல் லாண்ட்ரி தானாகக் கண்டு வெளியிட்டபோது அவருக்கு வயது 82.

நம் எண்ணையும் இந்த ஃபெர்மா எண்ணையும் பெருக்கினால் 2¹²⁸ − 1. ஆக, 39 இலக்கம் கொண்ட அந்த எண்ணும் இப்போது உங்கள் தாளில் ஒன்பது பகாக் காரணிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதற்கடுத்த ஃபெர்மா எண்ணை 1970-இல் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் இரண்டு பகா எண்களாக உடைத்தார்கள். எனவே 2²⁵⁶ − 1-க்குப் பதினொன்று. இப்படி ஏறிக்கொண்டே 2⁴⁰⁹⁶ − 1 வரை போகலாம். அதற்கு மேல் ஏற வேண்டுமானால் 2⁴⁰⁹⁶ + 1 முழுதாகப் பிரிபட வேண்டும். அது இன்னும் பிரிபடவில்லை.